முத்தரளி ஆப்செட்டில் மணி ஒன்பது

அந்தப் பைக்குள்ள இருக்கிறது லேப்டாப்தானே தம்பி? அப்போ கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நான் இங்கயே உக்காந்துக்கிடுறேன். முன்னாடி சீட்டு காலியாத்தான் இருக்கு. எனக்கு அது வேணாம். கம்ப்யூட்டர் வேலை பாக்கிற ஆள் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பேசணும்னு ரெண்டு வருசமா ஆசை. எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சவன் ஒரே ஒருத்தன்தான். அவன்கிட்ட மட்டும் இதைப் பேச முடியாது. ஏன்னு போகப் போகத் தெரியும்.

எந்த ஊரு நீங்க? திருநெல்வேலியா. வேலை பெங்களூர்ல. என்ன வேலை? சர்வரா! பாத்தீங்களா, எங்க பத்ரகாளியம்மனே என்னைச் சாத்தூர்ல இந்தப் பஸ்ல ஏத்தி விட்டிருக்கா. எனக்கும் திருநெல்வேலி வரைக்கும்தான். அங்க இறங்கி நாசரேத்துக்கு வேற பஸ் பிடிக்கணும். ஒரு கல்யாணம். ஆபீஸ்ல எல்லாரும் வேன்ல வாராக. ஒரு மணிக்கு வேன் எடுப்போம்னாக. ஒரு மணி வேன் ரெண்டு மணிக்குக் கிளம்பும், அதுல ஒருத்தன் புரோட்டா சாப்பிட இறங்குவான். நான் நம்பி ஏற மாட்டேன்.

என் பேரு தங்கபுஷ்பம். சிவகாசியில முத்தரளி ஆப்செட்னு காலண்டர் கம்பெனி, அங்க ஆபீஸ் மேனேஜர். முப்பத்தொரு வருசமா. முதலாளி காசிராஜன் அண்ணாச்சிக்கு அடுத்தபடி அங்க நான்தான். இதை நான் சொல்லலை, வாட்ச்மேனைக் கேட்டாலும் சொல்வான்.

எனக்கு ஒரே ஒரு விசயம் ஆகாது தம்பி. ஒன்பது மணின்னா ஒன்பது மணிக்கு ஆள் சீட்டுல இருக்கணும். நாங்க அடிக்கிறது என்ன? காலண்டர். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம்னு ஊருக்கே மணி சொல்ற கம்பெனி. அதுல வேலை பாக்கிறவன் ஒன்பதே காலுக்கு டீ கிளாஸோட வந்தா நல்லாவா இருக்கு? சொல்லிப் பாத்தேன், திட்டிப் பாத்தேன். அப்புறம் ஆபீஸ்ல இருக்கிற சுவர்க் கடிகாரம் அத்தனையையும் பத்து நிமிசம் கூட்டி வச்சேன்.

இதுல என்ன புதுசு? நம்ம வீட்டுல எல்லாரும் வைக்கிறதுதானே. உங்க வீட்டுல எத்தனை நிமிசம்? அஞ்சா. எங்க வீட்டுல ஹால் கடிகாரம் பத்து, சமையல்கட்டுக் கடிகாரம் பதினஞ்சு. ஒரு நாள் பஸ்ஸை விட்டதில்லை. அதனால ஆபீஸ்லயும் அப்படியே வச்சேன். வருசக்கணக்கா நல்லாத்தான் ஓடுச்சு. அந்தக் கம்ப்யூட்டர் வந்துதான் என் குடியைக் கெடுத்துச்சு.

டிசைன் செக்சன்ல மாரிச்செல்வம்னு ஒருத்தன். முருகன் படத்துக்கு மயில் வரையச் சொன்னா மூணு நாள் வரைவான். அவன் ஒரு நாள் லேட்டா வந்தான். கடிகாரத்தைக் காட்டி, "மணி என்னலே?"ன்னு கேட்டேன். அவன் கம்ப்யூட்டர் மூலையைக் காட்டினான். "மேடம், உங்க கடிகாரத்துலதான் ஒன்பது பத்து. இதுல சரியா ஒன்பது. இதுதான் மேடம் நெசமான மணி"ன்னான். எல்லாரும் சிரிச்சுட்டாக. அன்னையில இருந்து என் கடிகாரத்தை ஒருத்தன் ஏறெடுத்துப் பாக்கலை. எம்பது கம்ப்யூட்டர், எம்பதுலயும் ஒரே மணி. நான் என்ன செய்ய?

அந்தச் சமயத்துலதான் அண்ணாச்சி ரெண்டு பெரிய சர்வர் வாங்கிப் போட்டாக. அதைப் பாத்துக்க ஜெபசிங்னு ஒரு பையனை வேலைக்கு எடுத்தாக. நாசரேத்துக்காரன். முப்பது வயசு இருக்கும். மெதுவாப் பேசுவான், மண்டையை மண்டையை ஆட்டுவான். நான்தான் இண்டர்வியூவுல உக்காந்தேன். ஒன்பது மணிக்கு வரச் சொன்னதுக்கு எட்டே முக்காலுக்கு வந்து மரத்தடியில நின்னான். அதுக்காகவே எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன்.

வந்த முதல் வாரம் என்னையும் அண்ணாச்சியையும் அந்த ஏ.சி. ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் விளக்கம் சொன்னான். "இது ரெண்டும் ஜோடி மேடம். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தாங்கும். இதுக்குள்ள டைரக்டரின்னு ஒரு பதிவேடு இருக்கு. யாரெல்லாம் நம்ம ஆளு, யாரை எது வரைக்கும் விடலாம்னு அதுல இருக்கும். காலையில நீங்க பேரும் பாஸ்வேர்டும் போட்டதும், கம்ப்யூட்டர் இதுகிட்ட கேட்டுத்தான் உங்களை உள்ளே விடும். எதுவும் தப்பாப் போச்சுன்னா என் போனுக்கு உடனே அலெர்ட் வரும். மணியும் அப்படித்தான். எல்லாக் கம்ப்யூட்டரும் இதைப் பாத்துத்தான் மணி வச்சுக்கிடும்."

அத்தனை சொன்னான். என் காதுல ஏறினது அந்தக் கடைசி வரி மட்டும்தான்.

அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாவியும் ஒருத்தர்கிட்ட மட்டும் இருக்கக் கூடாது. அதனால ரூம் சாவி ஒண்ணு எனக்கும் குடுத்தாக. "புஷ்பத்துக்கும் உன்னை மாதிரியே எல்லா அதிகாரமும் போட்டு வைலே"ன்னாக. அவனும் மண்டையை ஆட்டிட்டு, என் பேர்லயே ஒரு லாகின் போட்டுக் குடுத்தான். பாஸ்வேர்டைப் பேப்பர்ல எழுதிக் குடுத்து, மனப்பாடம் ஆனதும் கிழிச்சுருங்கன்னான். நான் கிழிச்சேன். அந்த விசயத்துல நான் ரொம்பச் சுத்தம்.

ஆடி மாசம், திங்கக்கிழமை. ஆடிப் பதினெட்டுன்னா எங்களுக்கு அதுதான் தீவாளி. அடுத்த வருசக் காலண்டர் மாதிரியெல்லாம் அடுக்கின ஆல்பத்தை அன்னைக்குத்தான் வெளியே விடுவோம். அதைப் பாத்து ஆர்டர் குடுக்க எங்கெங்கயோ இருந்து ஏஜெண்ட் வருவாக. அதுக்கு முன்னாடி வேலை நெருக்கும். அப்பவும் இவனுக ஒன்பதேகாலுக்குத்தான் வாரானுக. எனக்குப் பொறுக்கலை. எட்டு நாப்பதுக்கெல்லாம் நான் ஆபீஸ்ல இருப்பேன், ஜெபசிங் ஒன்பதுக்கு அஞ்சு நிமிசம் இருக்கையில வருவான். மெதுவா ரூமைத் திறந்தேன். முதல் சர்வர்ல என் பேரைப் போட்டு உள்ளே போனேன். மூலையில மணி இருந்துச்சு. எட்டு நாப்பதை எட்டு அம்பது ஆக்கினேன். அவ்வளவுதான் தம்பி. ஒரு பிள்ளை கூடச் செய்யும்.

சிரிக்காதீங்க. இல்லை, சிரிச்சுக்கோங்க, அன்னைக்கு நானும் சிரிச்சேன். மாரிச்செல்வம் டீ கிளாஸோட வந்தவன் கம்ப்யூட்டரைப் பாத்தான், பத்து நிமிசம் கூட இருக்கவும் திடுக்குன்னு ஆயிட்டான். கிளாஸை ஜன்னல்ல வச்சுட்டு ஓடி வந்து உக்காந்தான். பாக்கவே கண்ணு குளுந்து போச்சு.

உக்காந்தவன் பாஸ்வேர்ட் போட்டான். திறக்கலை. மறுபடி போட்டான். திறக்கலை. பக்கத்து சீட்டுக்குத் திறந்துச்சு, அதுக்கு அடுத்த சீட்டுக்குத் திறக்கலை. பாதி ஆபீஸ் உள்ளே, பாதி ஆபீஸ் வெளியே. ஜெபசிங் போன் கோழிக்குஞ்சு மாதிரி கீச் கீச்சுன்னு கத்துது. அவன் ரூமுக்கும் செக்சனுக்குமா ஓடுறான். பதினோரு மணிக்கு, என்ன ஏதுன்னே தெரியாம, தன்னால சரியாப் போச்சு. போய்ப் பாத்தா, சர்வர்ல மணி பழையபடி பத்து நிமிசம் பின்னாடி போயிருந்துச்சு.

நான் என்ன நினைச்சேன் சொல்லுங்க. இந்த மெஷினுக்கும் நம்ம ஆளுக சோம்பேறித்தனம் ஒட்டிக்கிட்டுன்னு நினைச்சேன். மறுநாள் எட்டு நாப்பதுக்குப் போய் மறுபடி கூட்டி வச்சேன். பதினோரு மணிக்கு அது மறுபடி பின்னாடி போயிரும். நான் விடுவேனா? அது தினம் பின்னாடி போகும், நான் தினம் முன்னாடி இழுப்பேன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பெரிய மல்லுக்கட்டு. காலையில பாதிப் பேருக்குத் திறக்காத விசயம் இருக்குல்ல, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு என் புத்திக்கு எட்டவே இல்லை. மணி வேற, கதவு வேறதானே? வீட்டுக் கடிகாரம் ஃபாஸ்ட்டா ஓடுதுன்னு வாசக்கதவு திறக்காமப் போகுமா?

பாவம் ஜெபசிங். வயரை மாத்தினான். ஃபேனை மாத்தினான். சர்வரைப் பிரிச்சு மாட்டினான். சென்னைக்குப் போனைப் போட்டு இங்கிலீஷ்ல மணிக்கணக்காப் பேசினான். கொண்டு வந்த சோத்து டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போவான். பகலெல்லாம் பாத்தா மெஷின் தங்கமா ஓடும், காலையில வந்து நின்னா அலெர்ட் வந்து நிக்கும்.

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னாக. அண்ணாச்சி வாஸ்து பாக்கிறவரைக் கூட்டிட்டு வந்தாக. அவரு சர்வர் அக்கினி மூலையில இருக்குன்னு சொல்லி, ஆறு பேரு சேந்து தூக்கி வேற மூலையில வச்சோம். வாசல்ல எலுமிச்சம்பழம் கட்டினோம். பழம் நான்தான் பாத்துப் பாத்து எடுத்தேன். பூசணிக்காய் சுத்தி உடைச்சோம். எலி வயரைக் கடிக்குதுன்னு நான் சொல்லி எலிப்பொறி வச்சாக. எலி மாட்டலை, ஜெபசிங் கால் கட்டைவிரல் மாட்டுச்சு. நொண்டிக்கிட்டே திரிஞ்சான்.

பதினஞ்சு நாளாச்சு, இருபது நாளாச்சு. ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் பாதிதான் வெளியே வந்துச்சு. அண்ணாச்சி எல்லாரையும் கூப்பிட்டு மீட்டிங் போட்டாக. முகமெல்லாம் செவந்து போயிருந்துச்சு. "தினம் காலையில மட்டும் எப்படிலே மெஷின் படுக்கும்? எவனோ வேணும்னே செய்யுதான். அவன் மட்டும் கையில கிடைக்கட்டும், எத்தனை வருசம் வேலை பாத்தவனா இருந்தாலும் சரி, அன்னைக்கே வாசலுக்கு வெளியதான்"னாக. நான்தான் முதல்ல தலையாட்டினேன். "ஆமா அண்ணாச்சி, தயவு தாட்சண்யமே பாக்கக் கூடாது"ன்னு வேற சொன்னேன். ஜெபசிங் என் முகத்தையே பாத்தான். நம்ம பக்கம் ஒருத்தராவது இருக்காகளேன்னு பாத்திருப்பான்னு நினைச்சேன்.

அப்புறம் அண்ணாச்சி அவன் பக்கம் திரும்பினாக. "சனிக்கிழமை வரைக்கும் உனக்கு டைம். அதுக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா ஊருக்குப் போயி வேற வேலை பாரு." அவன் மண்டையை ஆட்டினான்.

அதுல ஒரு சங்கடம் இருந்துச்சு தம்பி. அவனுக்குப் பொண்ணு பேசி முடிச்சிருந்தாக. மெர்சி ஜாஸ்மின்னு ஒரு டீச்சர். கார்த்திகையில வச்சுக்கலாம்னு பேச்சு. அந்த வாரம்தான் பொண்ணோட தாய்மாமன் விசாரிக்கிறதுக்கு நம்ம ஆபீஸுக்கே வந்தாரு. என்கிட்டத்தான் கேட்டாரு, பையன் எப்படிம்மான்னு. நான் பொய் சொல்ல மாட்டேன். "பையன் தங்கம். வேலைதான் கொஞ்சம் ஆட்டம்"ன்னேன். பெரியவரு டீயைப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சுப் போனாரு. உள்ளதைத்தானே சொன்னேன்?

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல். செவ்வாய், புதன் ரெண்டு நாள் போகலை. வியாழக்கிழமை வந்ததும் அண்ணாச்சி, "ஏம்மா புஷ்பம், நீ இல்லாத ரெண்டு நாளும் மெஷின் சும்மா கும்முன்னு ஓடுச்சு, உன்னைக் கண்டாத்தான் அதுக்குப் பயம் போல"ன்னு சிரிச்சாக. நானும் சிரிச்சேன். அதுக்கு முன்னாடியே எட்டு நாப்பதுக்குப் போய் மணியைக் கூட்டி வச்சுட்டுத்தான் வந்திருந்தேன். ரெண்டு நாள் பாக்கி வேற இருந்துச்சே. ஒன்பது மணிக்கு மறுபடி பாதிப் பேருக்குத் திறக்கலை.

மத்தியானம் ஜெபசிங் என் மேசைக்கு முன்னாடி வந்து உக்காந்தான். "மேடம், ஒரு விசயம் சொல்லணும். அந்த டைரக்டரிக்கு ஒரு விதி இருக்கு. அதுகிட்ட வந்து நிக்கிற கம்ப்யூட்டர் மணியும் அதோட மணியும் அஞ்சு நிமிசத்துக்கு மேல வித்தியாசப்பட்டா, இது யாரோ திருட்டு ஆளுன்னு நினைச்சு உள்ளேயே விடாது. பாஸ்வேர்ட் சரியா இருந்தாலும் விடாது. நம்ம சர்வர்ல ஒண்ணு காலையில பத்து நிமிசம் முன்னாடி போகுது, ஒண்ணு போகலை. பாதிக் கம்ப்யூட்டர் இதைப் பாக்குது, பாதி அதைப் பாக்குது. பதினோரு மணிக்கு ரெண்டும் ஒண்ணாயிருது."

இதை ஒரு தடவை சொன்னான். அப்புறம் என் தலைக்கு மேல இருந்த சுவர்க் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இன்னொரு தடவை சொன்னான். சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுற மாதிரி, மெதுவா.

என் பத்து நிமிசம்தான் இத்தனைக்கும் காரணம்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு தம்பி. ஆனா முகத்துல காட்டலையே. "அப்படியா? யாருப்பா மாத்துறது?"ன்னு கேட்டேன். "அதுதான் மேடம் தெரியலை. நாளையில இருந்து மாறாம இருந்தாப் போதும்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனான். அவனுக்குத் தெரியலைன்னு அவனே சொல்லிட்டான். இவ்வளவு படிச்சிருக்கான், எதிர்ல உக்காந்திருக்கிற ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியலையேன்னு நினைச்சேன்.

வெள்ளிக்கிழமை நான் அந்த ரூம் பக்கமே போகலை. மெஷின் கும்முன்னு ஓடுச்சு. சனிக்கிழமை அண்ணாச்சி ரூம்ல எல்லாரும் நிக்கோம். ஜெபசிங் சட்டைப் பையில இருந்து ஒரு ரூபா துட்டு கணக்கா சின்னதா ஒண்ணை எடுத்து மேசையில வச்சான். "இதுதான் அண்ணாச்சி. சர்வருக்குள்ள மணி ஓடுறதுக்கு ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துப் போச்சு, அதனால மணி மாறியிருக்கு. மாத்திட்டேன்"ன்னான்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. பாவிப் பய, பேட்டரியாம்! நான் கையால மாத்தின மணி இவனுக்குப் பேட்டரி செத்து மாறின மாதிரி தெரிஞ்சிருக்கு. பத்ரகாளிக்கு மனசுக்குள்ளயே ஒரு கும்பிடு போட்டேன்.

அண்ணாச்சி அந்தப் பேட்டரியைத் தூக்கிப் பாத்தாக. "இந்தச் சல்லிப் பேட்டரியைக் கண்டுபிடிக்க உனக்கு முப்பது நாளாலே? ஆல்பம் போச்சே, ஏஜெண்ட் எல்லாம் போனானே"ன்னு வாய்க்கு வந்தபடி பேசினாக. வேலையை விட்டு அனுப்பலை. ஆனா, "ரெண்டு வருசத்துக்கு உனக்குப் பர்மனென்ட் கிடையாது, தற்காலிகமாத்தான் இருக்கணும்"னுட்டாக. அதுக்கும் மண்டையை ஆட்டினான். வெளியே வரையில நான் அவன் தோள்ல தட்டி, "வாப்பா பேட்டரி"ன்னேன். மாரிச்செல்வம் விழுந்து விழுந்து சிரிச்சான். அன்னையில இருந்து ஆபீஸ்ல அவன் பேரே பேட்டரிதான். மிஷின் செக்சன்ல பேப்பர் அடுக்கிற பொம்பளைக கூட, "பேட்டரித் தம்பி வருது"ம்பாக. பேரு வச்சது நான்.

கல்யாணமா? அது தள்ளிப் போச்சு. பர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் பாக்கலாம்னு தாய்மாமன் சொல்லிட்டாரு. அந்தப் பொண்ணு வேற மாப்பிள்ளை வேணாம்னு ரெண்டு வருசம் காத்திருந்துச்சு. இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தக் கல்யாணத்துக்குத்தான் போறேன்.

நல்ல பையன் தம்பி, அதுல சந்தேகமே இல்லை. அந்தச் சனிக்கிழமைக்கு மறுவாரம் பாருங்க, என்கிட்ட வந்து, "மேடம், காலையில எட்டு அம்பத்தஞ்சுக்கு ஆபீஸ் ஸ்பீக்கர்ல தானா பெல் அடிக்கிற மாதிரி செஞ்சு தாரேன், எல்லாரும் டைமுக்கு வந்துருவாங்க"ன்னான். நான் கேக்கவே இல்லை. அவனா வந்து செஞ்சு குடுத்தான். பெல் அடிச்சா டீக்கடை வரைக்கும் கேக்கும். இப்போ ஒன்பதுக்கு ஒரு சீட்டு காலியா இருக்காது. நான் அத்தனை நாள் மல்லுக்கட்டினது அவனுக்கு எப்படித்தான் தெரிஞ்சுச்சோ, தற்செயலா அதையே செஞ்சுட்டான்.

இப்போ உங்ககிட்ட இதை ஏன் சொல்றேன்னா, அவுக கல்யாணத்துல மேடையில வாழ்த்துரைன்னு ஒண்ணு உண்டு. பாதிரியார் பேசி முடிச்சதும் ஒவ்வொருத்தரா மைக் பிடிச்சுப் பொண்ணு மாப்பிள்ளையைப் பத்திப் பேசணும். ஆபீஸ் சார்பா நான்தான் பேசணும்னு அண்ணாச்சி சொல்லிட்டாக. எழுதி வச்சிருக்கேன், இந்தாங்க. இந்தப் பேட்டரிக் கதையைத்தான் எழுதியிருக்கேன். முப்பது நாள் தேடி ஒரு பேட்டரியைக் கண்டுபிடிச்ச மாப்பிள்ளை, வீட்டுல சாவி தொலைஞ்சா மெர்சி முப்பது நாள் வாசல்லயே நிக்கணும்னு. எப்படி? மண்டபமே சிரிக்கும்ல?

ஏன் தம்பி சிரிக்கலை? இத்தனை நேரம் சிரிச்சீங்களே.

என்னது, பேட்டரி செத்தா அப்படி ஆகாதா? மணி பின்தங்கும், இல்லை ஏதோ பழைய வருசத்துக்குப் போயிருமா. ம். தினம் காலையில எட்டு நாப்பதுக்கு, அளந்து வச்ச மாதிரி பத்து நிமிசம் முன்னாடி போகாதா. அதுவும் சரிதான். எந்தப் பேட்டரிக்கு அவ்வளவு ஒழுங்கு இருக்கு.

சரி, ஜெபசிங்குக்கு அது தெரியாம இருந்திருக்கும். தெரியாதா? சர்வர் பாக்கிற யாருக்கும் தெரியுமா. அப்போ எதுக்கு அப்படிச் சொன்னான்?

இருங்க, ஒண்ணு கேக்கேன். ரெண்டு வருசமா யார்கிட்டயாவது கேக்கணும்னு இருந்தது இதுதான். மணியை மாத்தினா, மாத்தினாகன்னு அந்த மெஷின் எங்கயாவது குறிச்சு வைக்குமா?

வைக்குமா.

எந்த நேரத்துல மாத்தினதுன்னுமா? யாரு மாத்தினதுன்னுமா? பேரோடவா?

என் பேர்ல லாகின் போட்டுத்தானே உள்ளே போனேன். அப்போ தங்கபுஷ்பம், எட்டு நாப்பது, தங்கபுஷ்பம், எட்டு நாப்பது, தங்கபுஷ்பம், எட்டு நாப்பதுன்னு வரிசையா இருந்திருக்குமே. நான் லீவு போட்ட ரெண்டு நாள் மட்டும் இல்லாம.

பஸ் கயத்தாறு தாண்டிட்டா? சரி.

கண்ணுல தூசியெல்லாம் விழலை தம்பி. அழத்தான் செய்றேன். கைக்குட்டை வேணாம், முந்தானை இருக்கு.

அப்போ வியாழக்கிழமை என் முன்னாடி வந்து உக்காந்தானே, அன்னைக்கே அவன் பையில அந்தப் பட்டியல் இருந்திருக்கும். அதைக் கொண்டு போய் அண்ணாச்சி மேசையில வச்சிருந்தா, அவன் அன்னைக்கே பர்மனென்ட். கார்த்திகையில கல்யாணம். நான் அன்னைக்கே வாசலுக்கு வெளிய. தயவு தாட்சண்யமே பாக்கக் கூடாதுன்னு என் வாயாலயே சொல்லியிருக்கேனே. இவன் ஒரு கடைக்குப் போய் ஒரு பேட்டரியை வாங்கிச் சட்டைப் பையில போட்டுட்டு வந்திருக்கான். நான் தோள்ல தட்டி வாப்பா பேட்டரின்னேன். அதுக்கும் திரும்பிப் பாத்துச் சிரிச்சான் தம்பி. இப்போத்தான் ஞாபகம் வருது, சிரிச்சான்.

எனக்கு என்ன கோவம் தெரியுமா? என்மேலதான்னு நினைக்காதீங்க, அவன்மேலதான். ஒரு வார்த்தை தனியாக் கூப்பிட்டு, மேடம் நீங்கதான்னு சொல்லியிருக்கக் கூடாதா? நான் காலைப் பிடிச்சிருப்பேனே. இல்லை, பிடிச்சிருக்க மாட்டேன். சத்தியமா நான் இல்லைன்னு சாதிச்சிருப்பேன். எலி மேல பழியைப் போட்டிருப்பேன். அவனுக்கு என்னைத் தெரிஞ்சிருக்கு.

அந்தப் பொண்ணைத்தான் நினைக்கேன். ரெண்டு வருசம். தாய்மாமன்கிட்ட வேலைதான் கொஞ்சம் ஆட்டம்னு சொன்ன வாய் இது.

பேனா இருக்கா? குடுங்க. இந்தச் சாவி தொலையுற வரியை அடிக்கணும். இந்த முப்பது நாள் வரியையும். இதையும். சரி, இந்தாங்க பேனா, பேப்பரே வேணாம். மைக்கைக் கையில வாங்கினதும் என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும். "ரெண்டு வருசமா ஜெபசிங்கை நாங்க பேட்டரின்னு கூப்பிட்டோம். அந்தப் பேட்டரி நான்தான்." இவ்வளவுதான் வாழ்த்துரை. மெர்சிகிட்ட மட்டும் கீழே இறங்கி வந்து தனியாப் பேசிக்கிடுறேன், அதை மைக்ல சொல்ல முடியாது.

ஆமா தம்பி, யோசிச்சுத்தான் சொல்றேன். அண்ணாச்சியும் வாராக. முன் வரிசையிலதான் உக்காருவாக.